வெள்ளை இல்லாத படம்

முதலில் தெய்வானையின் மூக்குக்குத்தான் தெரிந்தது. படத்தில் எதுவும் தெரியவில்லை. படத்தில் எதுவும் தெரியாமல் இருப்பதுதானே அந்தத் திட்டத்தின் பெருமை.

பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறைகளுக்கு நடுவே ஸ்கேன் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். காலையில் ஏறிய முதல் பெண் ரவிக்கையைக் கழற்றி, எந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு இடையில் மார்பை வைத்து, சொன்னபடி மூச்சைப் பிடித்து விட்டாள். விட்ட மூச்சில் அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தின் வாசம் அடித்தது. பழம் தின்றுவிட்டு வந்திருப்பாள் என்று தெய்வானை நினைத்தாள். அடுத்தவளிடமும் அதே வாசம். அதற்கடுத்தவளிடமும். மதியத்துக்குள் வண்டி வாழைத்தார் மண்டி மாதிரி ஆகிவிட்டது. கதவைத் திறந்து வைத்தும் போகவில்லை.

தெய்வானைக்கு முப்பத்தேழு வயது. மார்பைப் படமெடுப்பதுதான் தொழில். ஊர் ஊராகப் போய்ப் பெண்களின் மார்பைத் தட்டில் வைத்து அழுத்தி அழுத்தி, கூச்சமும் இரக்கமும் எப்போதோ தேய்ந்துபோயிருந்தன. படம்தான் அவளுக்கு ஆள். கொழுப்பு கறுப்பாக விழும். அடர்ந்த திசு வெள்ளையாக விழும். கட்டியும் வெள்ளையாகத்தான் விழும். சிக்கலே அங்கேதான். அடர்ந்த மார்பில் கட்டியைத் தேடுவது சுண்ணாம்பு அடித்த சுவரில் சுண்ணாம்புப் புள்ளியைத் தேடுகிற வேலை. அவள் அம்மா பழனாத்தாளுக்கு அப்படித்தான் ஆனது. வருடா வருடம் படம் எடுத்தார்கள், வருடா வருடம் வெள்ளையாக இருந்தது, ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்று இருந்தது என்று தெரிந்தபோது அது எலும்புக்குப் போயிருந்தது.

அதனால்தான் ‘தெளிவு’ திட்டத்தில் பெண்களைச் சேர்த்தபோது தெய்வானை முதல் ஆளாகப் போய் நின்றாள். அக்குளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், உளுந்தம்பருப்பு அளவில் ஒரு வில்லை. ரத்தத்தில் ஓடும் சர்க்கரையையும் கொழுப்பையும் இன்சுலினையும் அது நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டிருக்கும். கணக்குத் தப்பினால் மருந்தைத் துளியாக விட்டுச் சரிசெய்யும். உடம்பு உணவைச் செலவழிக்கும் விதம் சீரானால் மார்புத் திசு மெல்ல இளகும்; வெள்ளை கலையும்; படம் தெளியும். நாற்பது தாண்டிய பெண்களுக்கு மட்டும் வைத்தார்கள்.

தெய்வானைக்கு வயது போதவில்லை. அக்கா பாவாத்தாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பாவாத்தாள் துண்டு மடிக்கிற பட்டறையில் வேலை செய்பவள். ஊசி என்றால் எழுந்து ஓடுகிறவள். முதல் வருடமே பலன் தெரிந்தது. அவளுடைய வெள்ளை கலைந்த இடத்தில் கடுகளவு புள்ளி ஒன்று தனியாக நின்றது. வெட்டி எடுத்தார்கள். அந்த வாரமே பட்டறைக்குத் திரும்பிவிட்டாள். அம்மாவைக் கொன்றது அக்காவிடம் தோற்றுப்போனது. அன்றிலிருந்து பாவாத்தாளுக்கு அந்த வில்லை சாமிக்கு ஒரு படி கீழே.

இப்போது திரையில் வந்துகொண்டிருந்தவை வேறு மாதிரி இருந்தன. வெள்ளை குறையவில்லை, இல்லவே இல்லை. கறுப்பும் வழக்கமான கறுப்பாக இல்லை. அணைத்துவிட்ட திரை போல வெறுமையாக இருந்தது. ஒருத்தியின் படத்தின்மேல் இன்னொருத்தியின் படத்தை வைத்துப் பார்த்தாள். பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து ஒரே பெண் சேலை மாற்றி மாற்றி வண்டியில் ஏறிக்கொண்டிருப்பதைப் போல இருந்தது.

அதன்பிறகு மற்றவையும் கண்ணில் பட்டன. எல்லோர் கையும் சில்லென்று இருந்தது. முன்னங்கையில் பச்சைக் குழந்தைக்கு இருப்பதுபோல் பூனைமுடி வளர்ந்திருந்தது. முன்பெல்லாம் வரிசையில் நிற்பவர்கள், கிறுகிறு என்று வருகிறது, சீக்கிரம் விடுங்கள் என்று சண்டைக்கு வருவார்கள். சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதை பேசுவார்கள். இன்று ஒருத்தியிடமும் தூக்குப்போசி இல்லை. யாரும் அவசரப்படவில்லை. வரிசை சிரித்த முகத்தோடு, சத்தமில்லாமல் நகர்ந்தது. வெளியே தறிகளின் சத்தம் மட்டும்.

வண்டிக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர், பட்டறைப் பெண்கள் வடை வாங்குவதையே விட்டுவிட்டார்கள் என்று குறைப்பட்டார். எல்லாரும் டாக்டர் பேச்சைக் கேட்டு எண்ணெயை நிறுத்திவிட்டார்களாம். நல்லதுதான், ஆனால் தன் பிழைப்பு போகிறதே என்றார். தெய்வானை ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினாள். அவளுக்கு மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம்.

மூன்று மணி வாக்கில் பாவாத்தாள் ஏறினாள்.

தெய்வானை அக்காவைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. போனில் பேசுவதோடு சரி. சேலைக்குள் ஆள் இருப்பதே சந்தேகமாக இருந்தது. தட்டில் வைக்க எதுவும் இல்லை. தோலை இழுத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. விலா எலும்புகள் தறியில் நூலைப் பிரிக்கிற பண்ணைச் சீப்பு போல வரிசையாகத் தெரிந்தன. அந்த வாழைப்பழ வாசம் அக்காவிடம்தான் எல்லோரையும்விட அதிகம்.

“அக்கா, சோறு உண்டியா?”

“உண்டாச்சு கண்ணு.”

“என்ன உண்டே?”

பாவாத்தாள் யோசித்தாள். பொய் சொல்ல யோசிப்பதுபோல் இல்லை. உண்மையாகவே நினைவில் தேடினாள்.

“மோரு குடிச்சேன். கொழம்புக்கு உப்புப் பார்க்கையில நாக்குல வெச்சேன்.”

“சோறு எப்ப உண்டே?”

“போன மாசம் நோம்பிக்கு இனிப்பு ஒப்புட்டு சுட்டனே, அன்னிக்கு ஒண்ணு வாயில போட்டேன். பசிக்க மாட்டேங்குது அம்மிணி. பசிச்சா உண்ண மாட்டனா?”

“ஊட்டுல ஆரும் கேக்கலையா?”

“எதைக் கேக்கோணும்?”

அந்த வீட்டில் சோறு எப்படி நடக்கும் என்று தெய்வானைக்குத் தெரியும். மாமா சென்னியப்பன் உட்காருவார், மகன் பிரணவ் உட்காருவான், அக்கா பரிமாறுவாள். அவர்கள் எழுந்து கை கழுவியதும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போவாள். உள்ளே அவள் சாப்பிட்டாளா, எதைச் சாப்பிட்டாள், நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா என்று யாரும் பார்த்ததில்லை. பார்த்திராத ஒன்று நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? இந்தப் பட்டறைகளில் இருக்கிற அத்தனை பெண்களின் வீட்டிலும் இதே கதைதான். ஒரு ஊரே சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது. ஒரு வீட்டுக்கும் தெரியவில்லை.

“வில்லையை எடுத்தரலாம் அக்கா.”

பாவாத்தாள் சட்டென்று கையால் அக்குளைப் பொத்திக்கொண்டாள். “அதை மட்டும் தொடாதே. அம்மாவுக்கு ஆனது எனக்கு ஆகாம இருக்குதுன்னா இதனாலதான்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அப்பறம் ஒண்ணு சொல்றேன், ஆருகிட்டயும் சொல்லாதே. பசி இல்லாம இருந்து பாரு தெய்வா, எத்தனை நிம்மதி தெரியுமா? மிஞ்சுமா, பத்துமான்னு நெனப்பே இல்லை. இத்தனை வருசம் இந்த வயித்துக்குப் பயந்துதான் கெடந்தனான்னு இருக்குது.”

மறுநாள் தெய்வானை படங்களைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டில் இருந்த திட்ட அலுவலகத்துக்குப் போனாள். வில்லைகளின் அளவுகளைக் கவனிக்கிற டாக்டர் சுபாஷிணி அங்கே இருந்தாள். இவள் வயதுதான் இருக்கும். மேசையில் சாப்பாட்டு டப்பா ஒன்று திறக்காமல் ஓரமாகக் கிடந்தது. படங்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாகத் தமிழ்நாட்டிலேயே எங்கும் வந்ததில்லை என்றாள். மேலிடத்தில் இந்தப் பகுதியைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்களாம். அதன் பிறகுதான் தெய்வானை பூனைமுடியையும் வாசத்தையும் அக்காவின் விலா எலும்பையும் சொன்னாள். சுபாஷிணி படத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

“பட்டினி கிடக்கிற உடம்புதான் அப்படி வாசம் அடிக்கும். தன் கொழுப்பைத் தானே தின்னும்.”

“எங்க நிறுத்தணும்னு அந்த வில்லைக்கு எப்படித் தெரியும் டாக்டர்?”

“நாமதான் சொல்லிக் கொடுத்தோம். ஆரம்பத்துல உங்க ஊர்லயே ஒரு முகாம் போட்டோம், ஞாபகம் இருக்கா? அதுல சர்க்கரை நல்லா, கொழுப்பு நல்லா, படமும் ஓரளவு தெளிவா இருந்த பெண்களோட அளவை எல்லாம் சேர்த்து ஒரு கோடு போட்டோம். இதுதான் ஆரோக்கியமான பெண் உடம்பு, எல்லாரையும் இந்தக் கோட்டுக்குக் கொண்டுவான்னு வில்லைக்குச் சொன்னோம். கோட்டுக்கு வந்த உடம்பை, பசியைக்கூட மருந்தால அடக்கி, அது அங்கேயே பிடிச்சு வெச்சுக்கும். அதுதான் அதோட வேலை.”

தெய்வானைக்கு அந்த முகாம் நன்றாகவே ஞாபகம் இருந்தது. வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு வேளைக்குத்தான் சொன்னார்கள். ஆனால் சோதனை என்றதும் எல்லோருக்கும் பரீட்சை ஞாபகம் வந்துவிட்டது. மூன்று நாள் முன்பிருந்தே சோற்றை நிறுத்தினார்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், கொழுந்து வேப்பிலை. வரிசையில் நின்றுகொண்டு உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று சர்க்கரை அளவைக் கேட்டுப் பெருமைப்பட்டார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்ததும் எழுந்து, என்னுது எத்தனை வந்துச்சு என்றுதான் முதலில் கேட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெய்வானையும் சிரித்தாள்.

அவள் இதைச் சொன்னபோது டாக்டரும் சிரித்தாள். தன் அம்மாவும் இப்படித்தான் என்றாள். ஆபீஸ் பரிசோதனை வந்தால் தானும் இரண்டு நாள் சாப்பிடுவதில்லை, டாக்டராக இருந்தும் புத்தி வரவில்லை என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

“மூணு நாள் பட்டினி கிடந்த உடம்பை ஆரோக்கியம்னு சொல்லிக் கொடுத்திருக்கோம்,” என்றாள்.

அப்படியானால் கோட்டை மாற்றிவிடலாமே என்று தெய்வானை கேட்டாள். சுபாஷிணி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மாற்ற மாட்டார்கள் என்றாள். போன வருடம் இந்தப் பகுதியில் மார்புப் புற்றுநோயில் ஒருத்திகூடச் சாகவில்லை. இந்தத் திட்டத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

“வேற விதமா செத்தவங்க?”

“இதயம் நின்னுபோச்சுன்னு எழுதியிருப்பாங்க. அது வேற துறை.”

தெய்வானைக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. எனக்கு ஊர் வேண்டாம், என் அக்கா சாகக் கூடாது, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றாள். வில்லையை எடுத்தால் வெள்ளை திரும்பி வந்துவிடும் என்றாள் சுபாஷிணி. ஏற்கெனவே ஒரு கட்டி வந்த உடம்பு. அம்மா வழியில் வேறு இருக்கிறது. எடுத்தால் அடுத்த கட்டி அந்த வெள்ளைக்குள் ஒளிந்துகொள்ளும். வைத்திருந்தால் அக்கா இந்த வருடம் தாண்டமாட்டாள். ஒரே வழிதான் உண்டு. ஒரு தனி ஆளின் வில்லைக்கு மட்டும் வேறு கோடு கொடுக்கலாம். அது தன் கையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். அதே ரத்தம், வில்லை வைக்காத உடம்பு, ஒழுங்காகச் சாப்பிடுகிற பெண்.

“நீங்க நல்லா சாப்பிடுவீங்கதானே?”

“எனக்கென்ன டாக்டர், நான் சம்பாதிக்கிறவ. நல்லாவே உண்ணுவேன்.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

சுபாஷிணி அவள் கையில் உடம்பின் அளவுகளை எடுக்கிற ஒரு பட்டையைக் கட்டிவிட்டாள். ஒரு மாதம் கழற்றக் கூடாது. எதையும் மாற்றிக்கொள்ளவும் கூடாது. எப்போதும் போல இருந்தால் போதும்.

தெய்வானை எப்போதும் போல இருந்தாள். காலையில் மகளுக்கு டப்பா கட்டி, லாரி ஓட்டப் போகிற புருஷனுக்குத் தோசை சுட்டு, ஓரம் கருகிய கடைசித் தோசையை நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தாள். வண்டியில் டீயும் பிஸ்கட்டும். நான்கு மணிக்குச் சாப்பாட்டைத் திறந்தால், அதற்குள் பசி செத்திருக்கும். பாதியை மூடி வைத்துவிடுவாள். ராத்திரி மகள் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாது என்று வழித்துத் தின்றால் அதோடு முடிந்தது. புருஷன் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் கறி எடுப்பார்கள். அவளுக்குக் குழம்பு பிடிக்கும். அதாவது, குழம்புதான் மிஞ்சும். கையில் பட்டையின் சின்ன விளக்கு பச்சையாக மின்னிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு நல்ல சாப்பாடு போய்ச் சேருகிற மாதிரி அவளுக்கு ஒரு திருப்தி.

அதற்கிடையில் பாவாத்தாள் பட்டறையில் விழுந்தாள். மடித்து அடுக்கிய துண்டுகளின் மேல்தான் விழுந்தாள், சத்தமே வரவில்லையாம். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார்களாம். ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள், கொழுப்பு பார்த்தார்கள், எல்லாம் அருமையாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் கட்டிலோடு கட்டிலாகப் படுத்தாள். முகத்தில் ஸ்கேன் வரிசையில் இருந்த அந்தச் சிரிப்பு மட்டும் போகவில்லை.

மாதம் முடிந்ததும் சுபாஷிணி போன் செய்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“உங்க கோட்டை எடுத்து முகாம் கோட்டு மேல வெச்சேன் தெய்வானை.”

“எத்தனை தூரம் மேல இருக்குதுங்க?”

“பிரிச்சுப் பார்க்க முடியலை. ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு.”

“நான் பட்டினி கெடக்கலீங்களே டாக்டர்.”

“தெரியும்.”

தெய்வானை வண்டியின் படியில் உட்கார்ந்தாள். முகாமில் நின்ற பெண்களெல்லாம் ஒவ்வொருத்தியாக நினைவுக்கு வந்தார்கள். பாகற்காய்ச் சாறு. மூன்று நாள். அந்தச் சிரிப்பு.

“அப்ப அந்த மூணு நாள்...”

“அது எந்த வித்தியாசமும் பண்ணலை. அவங்க யாரும் ஏமாத்தலை. என்னிக்கும் எப்படி இருந்தாங்களோ அதைத்தான் எந்திரம் எடுத்திருக்கு. சந்தேகத்துக்கு என்னோடதையும் எடுத்து வெச்சுப் பார்த்தேன். ஆபீஸ்ல இருக்கிற மத்தவங்களோடதையும் பார்த்தேன்.”

என்ன வந்தது என்று தெய்வானை கேட்கவில்லை. மேசையோரம் கிடந்த அந்த டப்பாதான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்படியானால் இத்தனை காலம் எப்படி உயிரோடு இருந்தோம் என்று மட்டும் கேட்டாள். பசி இருந்தது என்றாள் சுபாஷிணி. ரொம்பக் கீழே போகும்போதெல்லாம் அது பிடித்து இழுத்தது. ஒரு கல்யாணப் பந்தி, ஒரு கை கடலை, யாரும் பார்க்காதபோது ஒரு உருண்டை வெல்லம். அந்தக் கயிறு ஒன்றுதான் இருந்தது. வில்லை அதை அறுத்துவிட்டது. இனி வேறு கோடு வேண்டுமென்றால், எங்கும் போய்த் தேடி எடுக்க முடியாது. யாராவது உண்டாக்கித்தான் தர வேண்டும்.

“நீங்க சாப்பிடுங்க. வேளா வேளைக்கு, சூடா, போதும்னு தோணுற வரைக்கும். அந்தப் ‘போதும்’ எங்க வருதுன்னு உங்க உடம்பு காட்டணும். கிடைச்ச அன்னிக்கே உங்க அக்கா வில்லையில ஏத்திடுறேன். அது வரைக்கும் அவங்களையும் பசிக்குதோ இல்லையோ உக்கார வெச்சு ஊட்டுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் தெய்வானை அக்கா வீட்டுக்குப் போனாள். தானே சமைத்தாள். கட்டிலில் கிடந்தவளைத் தூக்கி உட்கார வைத்து, முன்னறையில், மாமாவும் மகனும் வழக்கமாக உட்காருகிற இடத்தில் இரண்டு தட்டுகளைப் போட்டாள். பட்டறையில் தறி ஓட்டும் அவர்கள் இருவரும் அதை நிறுத்திவிட்டு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மாமாவின் கையில் கரண்டியைக் கொடுத்தாள். அவர் அதை ஏதோ புது உதிரி பாகம் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தனை போடோணும் அம்மிணி?”

“தெரியலீங்க மாமா. போடுங்க.”

பாவாத்தாள் சாப்பிட்டாள். பசியில் சாப்பிடுகிறவள் போல அல்ல. துண்டு மடிப்பதுபோல, ஒன்று முடிந்ததும் அடுத்தது. இருவரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். பார்க்கக் கூடாத எதையோ பார்ப்பதுபோல் இருந்தது அவர்கள் முகம். பிரணவுக்கு இருபத்துமூன்று வயது.

“அம்மாவுக்கு ரசம் புடிக்காதா சித்தி?” என்று மெதுவாகக் கேட்டான். பாவாத்தாள் ரசச் சோற்றை ஓரமாக ஒதுக்கியிருந்தாள். அந்த வீட்டில் ரசம் இல்லாமல் ஒரு நாள் போனதில்லை.

தெய்வானையும் தின்றாள். சூடாக, நடுப்பகலில், உட்கார்ந்து. சோறு போய்க்கொண்டே இருந்தது. பட்டையின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. மாமா மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார்.

பாவாத்தாள் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு முதல் முறையாகக் கலைந்திருந்தது. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்:

“உனக்குத்தான் வில்லை இல்லையே தெய்வா. போதும்னு எப்படித் தெரியும் கண்ணு?”

தெய்வானையின் கை தட்டிலேயே நின்றது. தன் வயிற்றைக் கவனித்துப் பார்த்தாள். தறி நின்ற பட்டறையில் காது கொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அம்மா என்றைக்காவது போதும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா என்று யோசித்தாள். பாத்திரம் காலியானதும் வீட்டுப் பெண்கள் எழுந்துவிடுவார்கள். அதுதான் அவளுக்குத் தெரிந்த அளவு.

மாமா கரண்டியில் சோற்றை ஏந்திக்கொண்டு, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். யாரும் போதும் என்று சொல்லவில்லை.